நான் பார்க்காத மேடை

பிரபு,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதற்கு "பாக்கலாம் சாமி" என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகு வெகுநேரம் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். உன் கல்யாண வரவேற்புக்கு நானே லைட் போட வேண்டும், கோயமுத்தூரில் உன் சிநேகிதன் லைட்டை இயக்கும் கன்சோல் ஏற்பாடு செய்து தருவான், நீயும் பெண்ணும் மண்டபத்துக்குள் நுழைவதிலிருந்து மாலை மாற்றுவது வரை எல்லாவற்றையும் முன்னாலேயே பதிந்து வைத்துவிட்டு ஒரே ஒரு பட்டனை அமுக்கினால் போதும், மற்றதெல்லாம் தானாக நடக்க வேண்டும் என்று ஆசையாகச் சொன்னாய். "நீங்க பண்ணினாத்தான்பா எனக்குத் திருப்தி" என்றாய். அந்த வார்த்தைக்கு நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். என்னால் முடியாது, பிரபு. ஏன் முடியாது என்பதைப் போனில் சொல்ல எனக்கு வராது. நீ "எப்படிப்பா இருக்கீங்க" என்பாய், என் வாய் உடனே "நல்லாயிருக்கேன்" என்றுவிடும். அதனால் எழுதுகிறேன். எழுத எனக்கு இன்னும் கண் இருக்கிறது. காகிதம் நேர் எதிரில் இருப்பதால் தெரிகிறது. ஓரத்தில் இருப்பதுதான் தெரிவதில்லை.

போன ஆடியில் பள்ளிக்கூடத்து குவார்ட்டர்ஸைக் காலி செய்து கட்டபெட்டில் இந்த வாடகை வீட்டுக்கு வந்தபோது, ரிட்டையர் ஆகிவிட்டேன், குன்னூர் சத்தம் போதும் என்று உன்னிடம் சொன்னேன். அது பாதி உண்மைகூட இல்லை. என்னைப் போகச் சொன்னார்கள். போகச் சொன்னது நியாயம்தான். அந்த நியாயத்தை நீ வேறு யார் வாயிலும் கேட்கக் கூடாது என்பதற்காகவே ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். பொறுமையாகப் படி.

பழைய மாணவர்கள் சேர்ந்து பள்ளி அரங்கத்துக்குப் புது கன்சோல் வாங்கிக் கொடுத்த வருஷம் உனக்கு நினைவிருக்கும். அதுவரை எங்களிடம் இருந்தது வரிசையாகக் கைப்பிடி வைத்த பழைய பலகை. நாலு விளக்கை ஒன்றாக இறக்க வேண்டுமென்றால் இரண்டு கையோடு ஒரு முழங்கையும் வேண்டும். புதுசைக் கொண்டு வந்து மாட்டிய ஆள் பெங்களூர்க்காரன், இரண்டு நாள் இங்கிலீஷில் சொல்லிக் கொடுத்துவிட்டு வண்டியேறிவிட்டான். நான் தேயிலை ஃபேக்டரியில் மோட்டார் பார்த்துக்கொண்டிருந்து பள்ளிக்கு எலக்ட்ரீசியனாக வந்தவன், தமிழில் பத்தாவது படித்தவன். அந்தத் திரையைப் பார்த்ததும் குன்னூர்க் குளிரிலும் எனக்கு வியர்த்தது. நீ காலேஜ் லீவில் வந்திருந்தாய். அரங்கத்தின் பின்னால் மாடியிலிருந்த கண்ணாடி அறையில் பத்து நாள் என்னோடு உட்கார்ந்து, அந்தத் தடிப் புத்தகத்தை வரி வரியாகத் தமிழில் சொன்னாய். எந்தெந்த விளக்கு எவ்வளவு எரிய வேண்டும் என்று வைத்து அதை ஓர் எண்ணில் பதிந்தால் அது ஒரு கியூ. எத்தனை விநாடியில் ஏற வேண்டும், எத்தனை விநாடியில் இறங்க வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதிவிடலாம். நாடகம் நடக்கும்போது 'கோ' பட்டனை ஒரு தடவை அமுக்கினால் ஒரு கியூ ஓடும். இதையெல்லாம் நான் அம்மாவின் பழைய பால் கணக்கு நோட்டில் எழுதிக்கொண்டேன். ஒரு பக்கத்தில் நீ நிறுத்தி, "அப்பா, இதைப் பாருங்க. ஒரு கியூ முடிஞ்சு இத்தனை செகண்ட்ல அடுத்தது தானா ஓடணும்னு வெச்சுடலாம். இதுக்குப் பேர் ஃபாலோ. வரிசையா வெச்சுட்டா நீங்க டீ குடிச்சுட்டே இருக்கலாம்" என்றாய். அந்த நேரம் பார்த்து அம்மா ஃபிளாஸ்க்கும் வர்க்கிப் பொட்டலமுமாக மாடியேறி வந்தாள். "உங்கப்பா டீ குடிக்கறதுக்கு மெஷின் வேற வேணுமாக்கும்" என்று சிரித்தாள். நாம் மூன்று பேரும் ஒரே அறையில் அப்படிச் சிரித்தது அதற்குப் பிறகு எப்போது என்று யோசித்துப் பார்க்கிறேன், நினைவுக்கு வரவில்லை.

அந்த நாட்களில் நான் ஃபாலோ அதிகம் வைத்ததில்லை. மின்னல், விடியல் என்று இரண்டு மூன்று இடம்தான். பிள்ளைகள் ஒருநாள் வேகமாக நடப்பார்கள், ஒருநாள் வசனம் மறந்து நிற்பார்கள். அவர்கள் மூச்சு விடுவதைப் பார்த்துப் பார்த்து விரலால் அமுக்குவதில்தான் எனக்கு ருசி. ஐந்தாறு வருஷம் அப்படித்தான் செய்தேன்.

என் கண் கோளாறை முதலில் கண்டுபிடித்தது உன் அம்மா. டம்ளருக்குப் பக்கத்தில் டீயை ஊற்றினேன். கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டேன். "ஏனுங்க, உங்களுக்கு ஓரமா இருக்கறது தெரியறதில்லீங்களா?" என்று கேட்டாள். நான் எரிந்து விழுந்தேன். அவள் விடாமல் ஊட்டிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். கண்ணுக்குள் பிரஷர் என்றார் டாக்டர். ஓரத்திலிருந்து பார்வை கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிக்கொண்டே வரும், வலிக்காது, நடுவில் மட்டும் கடைசி வரை தெளிவாக இருக்கும், அதனால் நமக்கே தெரியாது என்றார். சொட்டு மருந்து எழுதிக் கொடுத்து, கோயமுத்தூரில் பெரிய ஆஸ்பத்திரியில் உடனே காட்டச் சொன்னார். "பையன் புதுசா வேலைக்குப் போயிருக்கான், அவன்கிட்டச் சொல்லாதே" என்று அம்மாவிடம் நான்தான் சத்தியம் வாங்கினேன். அவள் தினமும் இரண்டு வேளை என்னைப் படுக்க வைத்து மருந்து விட்டாள். அடுத்த மழைக்குள் அவளே படுத்துவிட்டாள். மீதி உனக்குத் தெரியும். அவள் போன பிறகு அந்த மருந்து பாட்டில் ஜன்னல் கட்டையிலேயே காய்ந்துபோயிற்று. நீ கேட்டபோதெல்லாம் செக்கப் போய்விட்டு வந்தேன் என்றேன். எந்தச் செக்கப்புக்கும் போகவில்லை. வீட்டில் பார்க்க ஓர் ஆள் இல்லையென்றால் கண் போவதுகூடக் கண்ணுக்குத் தெரியாது, பிரபு. சிந்தினால் துடைத்துக்கொள்கிறோம். இடித்தால் தேய்த்துக்கொள்கிறோம். கேட்க யாருமில்லை.

இது எனக்கு வருமென்று தெரிந்திருக்க வேண்டியவன் நான். என் அப்பா, உன் தாத்தா, எஸ்டேட் ஆபீசில் கிளார்க்காக இருந்தவர், சாயங்காலம் வீட்டுக்கு வரும் வழியில் அடிக்கடி வாய்க்காலில் விழுவார். முழங்காலெல்லாம் சேறாக வந்து நிற்பார். எஸ்டேட் லைன் வீடுகளில் எல்லோரும் அவர் குடிக்கிறார் என்றார்கள். எனக்கு இருபது வயது. ஒருநாள் கொழுந்து ஏற்றும் லீஃப் லாரி வந்து நின்று பத்துப் பேர் சுற்றி இருக்கும்போது, "இன்னைக்கும் ஊத்திக்கிட்டுத்தான் வந்தீங்களா?" என்று கத்தினேன். அவர் வேட்டியைப் பிழிந்துகொண்டே உள்ளே போனார். அவர் ஆயுசில் குடித்ததில்லை என்பது பின்னால் கோயமுத்தூரில் டாக்டர் அவர் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. அதற்குள் அவர் பார்வை முழுக்கப் போயிருந்தது. அந்த டாக்டர் என்னைப் பார்த்து, "இது குடும்பத்துல வரும். நீங்களும் வருஷத்துக்கு ஒரு தடவை பாத்துக்கோங்க" என்றார். சரிங்க என்று தலையாட்டினேன். முப்பத்தைந்து வருஷம் தலையை மட்டும்தான் ஆட்டியிருக்கிறேன். அப்பாவிடம் மன்னிப்பும் கேட்கவில்லை. அவர் கடைசி வரை குடிகாரன் என்ற பெயரோடு ஏன் சும்மா இருந்தார் என்று எனக்கு அப்போது புரியவில்லை. இப்போது புரிகிறது. குருடன் என்று தெரிந்தால் ஆபீசில் வைத்திருக்க மாட்டார்கள். குடிகாரனை வைத்திருப்பார்கள்.

நானும் அதே பயத்தில்தான் மறைத்தேன். ஆனால் எனக்குச் சம்பளத்தைவிட வேறொரு பயம் பெரிதாக இருந்தது. அம்மா போன பிறகு ஒரு நாளில் யாராவது என்னோடு பேசுவது அந்தக் கண்ணாடி அறையில் மட்டும்தான். ஒத்திகை நடக்கும்போது காதில் மாட்டும் ஹெட்செட்டில் மேடைப் பக்கமிருந்து குரல் வரும். "லைட் ரெடியாங்க?" "ரெடிங்க." "அண்ணே, குளிருதா மேலே?" "பழகிப்போச்சுங்க டீச்சர்." அவ்வளவுதான் பேச்சு. அதற்காக நான் காலையிலிருந்து காத்திருப்பேன். குன்னூரில் மேகம் இறங்கும் நாட்கள் எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. அப்போது எல்லோருமே என்னைப் போலக் கையை நீட்டித் தடவித்தான் நடப்பார்கள். அன்றைக்கு மட்டும் நான் மார்க்கெட்டுக்குப் போய் வருவேன்.

மேடை முழுவதும் எனக்குத் தெரியாமல் போனது அப்போதுதான். கண்ணாடி வழியாகப் பார்த்தால் ஒரு முகம் தெரியும், அல்லது ஒரு நாற்காலி தெரியும். யார் எங்கிருந்து வருகிறார்கள் என்பது தெரியாது. ஆனால் கன்சோல் திரை எதிரிலேயே இருந்தது, ஒவ்வோர் எண்ணும் பளிச்சென்று தெரிந்தது. அதனால் நான் மேடையை விட்டுவிட்டுத் திரையைப் பிடித்துக்கொண்டேன். ஒத்திகையில் போனை எடுத்து விநாடி பார்த்து, பாட்டு எங்கே ஏறுகிறது, காலடி எங்கே கேட்கிறது என்று காதால் பிடித்து, ஒவ்வொரு கியூவுக்கும் ஃபாலோ எழுதினேன். முதல் வருஷம் பாதி, அடுத்த வருஷம் கிட்டத்தட்ட எல்லாமே. ஒரு காட்சி தொடங்கும்போது ஒரு தடவை 'கோ' அமுக்கினால் அந்தக் காட்சி முடியும் வரை விளக்குகள் தாமாக ஏறி இறங்கும். வெளியூரிலிருந்து வந்தவர்கள்கூட அசந்துபோனார்கள். பிரின்சிபால் மேடம் எல்லோர் முன்னாலும் என்னைப் பாராட்டினார். நான் தலை குனிந்து நின்றேன். அடக்கம் என்று நினைத்திருப்பார்கள்.

ஒருத்தருக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. நாடக டீச்சர் ஜெஸ்ஸி, கூடலூர்க்காரர், பேச்சில் மலையாளம் கலந்து வரும், முப்பது வயதிருக்கும். மேடை ஓரத்தில் நின்று ஹெட்செட்டில் எனக்குச் சொல்பவர் அவர்தான். "அண்ணே, இத்ரயும் ஃபாலோ வேண்டாம் கேட்டோ. பிள்ளைங்க இன்னைக்கு நடக்கற மாதிரி நாளைக்கு நடக்காது" என்றார். "அதெல்லாம் பழகிக்குவாங்க டீச்சர். அவங்களும் டயத்துக்கு வரக் கத்துக்கட்டும்" என்றேன். எவ்வளவு திமிர் பார். என் கண்ணுக்காக நாற்பது பிள்ளைகளை விநாடிக்கு நடக்கச் சொன்னேன்.

போன பிப்ரவரியில் ஆண்டு விழா. சாயங்காலம் ஆறு மணிக்கு ஆரம்பம், அரங்கம் நிறையப் பெற்றோர்கள். மலை உச்சிக் கோட்டையிலிருந்து ஒரு பெண் தன் ஊருக்குத் தண்ணீர் தேடி இறங்கி வருவதுதான் கதை. ஒன்பதாவது படிக்கும் தாரணி என்ற பிள்ளைதான் அந்தப் பெண். மேடையில் ஆளுயரத்துக்கு ஒரு தளம் போட்டு எட்டுப் படி வைத்திருந்தார்கள். அவள் மேலே நின்று பேசி முடித்ததும் குழல் ஊதும், அவள் இறங்குவாள். குழல் ஆரம்பித்துப் பன்னிரண்டாவது விநாடியில் மேடை முழுக்க இருட்டு. இன்னும் ஆறு விநாடியில் விடியல். ஒத்திகையில் ஐந்து தடவை பார்த்தேன், ஐந்து தடவையும் பத்து விநாடியில் இறங்கிவிட்டாள். அன்றைக்கு அவள் பேசி முடித்ததும் கைதட்டல் எழுந்தது. நன்றாகப் பேசினாள். நல்ல நடிகை செய்வதைத்தான் அவளும் செய்தாள். கைதட்டல் அடங்கட்டும் என்று மேலேயே நின்றாள். குழல் ஆரம்பித்துவிட்டது. ஜெஸ்ஸி டீச்சர் ஹெட்செட்டில், "ஹோல்டு, அண்ணே, நிறுத்துங்க" என்று சொல்லியிருக்கிறார். நிறுத்தும் பட்டன் என் விரலுக்கு ஒரு சாண் தூரத்தில்தான் இருந்தது. ஆனால் நான் ஹெட்செட்டைக் கழுத்துக்கு இறக்கி விட்டிருந்தேன். கண் தெரியாதவன் நான், இரண்டு காதாலும் மேடையைக் கேட்டுக்கொண்டிருந்தேன். கைதட்டலில் காலடிச் சத்தம் கேட்கவில்லை. திரையில் எண்கள் சரியாக ஓடின. அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நடுப்படியில் அவள் கால் வைக்கும்போது இருட்டாகிவிட்டது. ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. மேடைச் சாமான் என்று நினைத்தேன். ஆறு விநாடி கழித்து நான் பதிந்து வைத்திருந்தபடியே விடியல் அழகாக ஏறியது. மஞ்சள், அதன் பின்னால் இளஞ்சிவப்பு. பிறகுதான் சொன்னார்கள், அந்த வெளிச்சத்தில் அந்தப் பிள்ளை கையை மடக்கிக்கொண்டு கீழே கிடந்தாள், வாயிலிருந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. நாடகத்தில் வருவது என்று நினைத்து ஜனங்கள் கைதட்டினார்கள். மேலே நானும் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தேன், பிரபு. அவளுடைய அம்மா அலறிய பிறகுதான் எனக்கு என்னவோ என்று தெரிந்தது.

கையில் இரண்டு இடத்தில் முறிவு, முன்பல் ஒன்று போயிற்று. மறுநாள் பிரின்சிபால் மேடம் எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். "ஜெஸ்ஸி, நீங்க ஹோல்டு சொன்னீங்களா?" "சொன்னேன் மேடம். மூணு தடவை சொன்னேன்." மேடம் என் பக்கம் திரும்பி, "உங்களுக்குக் கேட்டுச்சா?" என்றார். "எனக்கு ஒண்ணும் கேக்கலீங்க" என்றேன். சத்தியமான வார்த்தை. அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருந்தது. ஹெட்செட் என் காதில் இல்லை என்று சொல்லியிருக்கலாம். எனக்குக் கண் தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஜெஸ்ஸி டீச்சர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். எனக்கு வலப்பக்கம் உட்கார்ந்திருந்தார். நான் திரும்பினால்தான் அவர் முகம் தெரியும். திரும்பவில்லை. அவர் ஹோல்டு சொல்லவேயில்லை என்று முடிவு கட்டி, மார்ச் கடைசியில் அவரைப் போகச் சொல்லிவிட்டார்கள். சூட்கேசோடு அவர் கேட்டைத் தாண்டிப் போனபோது நான் ஜெனரேட்டர் ரூமுக்குள் நின்றுகொண்டேன்.

நீ என்னை எப்போதும் நேர்மையானவன் என்று சொல்லுவாய். உன் சிநேகிதர்களிடமும் சொல்லியிருக்கிறாய். நான் நேர்மையாக இருந்தது, இருக்கச் சுலபமான இடங்களில் மட்டும்தான். ஒரு பொய்யும் சொல்லாமலேயே ஒருத்தரை அழிக்க முடியும் என்பதை அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். உன் ஆபீசிலோ வீட்டிலோ இப்படி ஒரு நேரம் வரும். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லித் தப்பித்துக்கொள்ளத் தோன்றும். அப்போது என்னை நினைத்துக்கொள்.

ஜூனில் பள்ளி திறந்து இரண்டு வாரம் இருக்கும். மத்தியானம் நான் அறையில் விளக்குகளைச் சரி பார்த்துக்கொண்டிருந்தேன். தாரணி மாடியேறி வந்தாள். வலது கை முழுசாக நீளவில்லை, கொஞ்சம் மடங்கியே இருந்தது. "அங்கிள், உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றாள். "கைதட்டினாங்கன்னு நான் நின்னுட்டேன். நிக்காம இறங்கியிருந்தா ஜெஸ்ஸி மிஸ் போயிருக்க மாட்டாங்கல்ல? எங்கம்மா அதெல்லாம் இல்லைங்கறாங்க. நீங்க மேலேர்ந்து பார்த்திருப்பீங்க. நீங்க சொல்லுங்க."

பதினாலு வயதுப் பிள்ளை. நாலு மாதமாக அதைச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறாள். நான் எழுந்து நின்றேன், திரும்ப உட்கார்ந்தேன். "இல்லை சாமி" என்றேன். "நான் பார்க்கலை. எனக்குக் கண்ணு தெரியாது. ரெண்டு மூணு வருஷமாவே தெரியாது. உன் தப்பு ஒண்ணுமில்லை. மிஸ் தப்பும் இல்லை." வெளியே ஒருத்தரிடம் நான் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் அழவில்லை, கோபப்படவும் இல்லை. என் முகத்துக்குப் பக்கவாட்டில் தன் நல்ல கையை மெதுவாக ஆட்டினாள். "இது தெரியலையா?" "தெரியலை." இன்னும் கொஞ்சம் முன்னால் கொண்டு வந்தாள். "இது?" "இப்பத் தெரியுது." அவள் கையை இறக்கினாள். பிறகு, "மேடம்கிட்ட நீங்க சொல்லுவீங்களா, நான் சொல்லட்டுமா?" என்று கேட்டாள். நானே சொல்கிறேன் என்றேன். அவள் படியிறங்கிப் போகும் சத்தம் கடைசிப் படி வரை கேட்டது.

அன்று சாயங்காலமே எழுதிக் கொடுத்தேன். பிரின்சிபால் மேடம் படித்துவிட்டு, "எங்ககிட்ட முன்னாடியே சொல்லியிருந்தா வேற வேலை குடுத்திருப்போமே" என்றார். அது என்னை அடித்தது மாதிரி இருந்தது. அப்படி ஒரு வழி இருக்குமென்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. ஒரு மாதத்தில் குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொன்னார். ஜெஸ்ஸி டீச்சரைத் திரும்பக் கூப்பிட்டுக் கடிதம் எழுதினார்கள். அவர் வரவில்லை.

ஆவணியில் நான் பஸ் பிடித்துக் கூடலூர் போனேன். ஊட்டியில் மாறி ஏறும்போது இரண்டு பேரை இடித்துவிட்டேன், ஒருத்தன் வைதான். ஜெஸ்ஸி டீச்சர் அவருடைய அண்ணன் பேக்கரியில் கல்லாவில் இருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கடையில் ஆட்கள் இருந்தார்கள், அதைப் பொருட்படுத்தவில்லை. சொல்லி முடித்ததும் அவர், "ஆறு மாசமா எனக்கு ஒரே நினைப்பு அண்ணே. நான் சொன்னேனா, இல்ல சொன்னதா நினைச்சுக்கறேனான்னு. மூணு தடவை சொன்னேன்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. உறக்கத்துலயெல்லாம் ஹோல்டு ஹோல்டுன்னு கத்தறேன்னு எங்கம்மச்சி சொல்லும்" என்றார். "நீங்க சொன்னீங்க டீச்சர்" என்றேன். "மூணு தடவை சொன்னீங்க." மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. ஒரு டீ கொடுத்தார். பிறகு கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு என்னோடு பஸ் ஸ்டாண்டு வரை நடந்து வந்தார். கையைப் பிடிக்கவில்லை. ஆனால் வழி முழுக்க, "இங்க படி உண்டு. ஒண்ணு. இன்னொண்ணு. இப்ப நேர் ரோடு" என்று சொல்லிக்கொண்டே வந்தார். பஸ் கிளம்பிய பிறகு நான் அழுதேன். பக்கத்தில் இருந்த ஆள் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

அதற்கு அடுத்த மாதம்தான் கோயமுத்தூர் போய்க் கண்ணைக் காட்டினேன். கூட யார் வந்திருக்கிறார்கள் என்று நர்ஸ் கேட்டாள். பஸ்ஸில் வந்தேன் என்றேன். அவள் திரும்ப நிதானமாக, "கூட யாருங்க வந்திருக்காங்க?" என்றாள். யாருமில்லை என்று எழுதிக்கொண்டாள். போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம், வலது கண்ணில் ஆபரேஷன் செய்ய வேண்டும் என்கிறார்கள். அதற்குக் கூட ஓர் ஆள் கட்டாயம் வேண்டுமாம். தள்ளிப் போட்டுக்கொண்டிருக்கிறேன். இப்போது மருந்தை நானே விட்டுக்கொள்கிறேன். பாதி கன்னத்தில் வழியும். காலையில் கஞ்சி வைத்துக்கொள்கிறேன், வாசலில் வெயில் வந்தால் உட்காருகிறேன். பறித்த கொழுந்தோடு பெண்கள் போகிற பேச்சுச் சத்தம் கேட்கும். பக்கத்து வீட்டுப் படகர் இனப் பெரியவர் சில நாள் வந்து பேப்பர் வாங்கிக்கொண்டு போவார். அவ்வளவுதான் என் பகல். உன்னைக் கவலைப்பட வைக்க இதை எழுதவில்லை. மறைக்கக் கூடாது என்று முடிவு செய்தபின் இதை மட்டும் எப்படி மறைப்பது?

இனி நான் சொல்வதை நீ தட்டக் கூடாது. இந்த வாரமே கண் டாக்டரிடம் போ. கண்ணாடிக் கடையில் எழுத்துப் படிப்பது அல்ல. எங்கள் குடும்பத்தில் அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் இந்த நோய் என்று சொல்லி, பிரஷரும் உள்நரம்பும் பார்க்கச் சொல். உனக்கு முப்பது வயது. ஒன்றுமே இருக்காது, இருந்தாலும் ஆரம்பமாகத்தான் இருக்கும், மருந்திலேயே நின்றுவிடும். அடுத்தது, நீ கட்டிக்கொள்ளப்போகும் பெண்ணிடம் இதைச் சொல். கல்யாணம் முடிந்து சொல்லிக்கொள்ளலாம் என்று எனக்கும் ஒரு நிமிஷம் தோன்றியது, ஒளிக்கவில்லை. கண் போகிற குடும்பம் என்று அவர்கள் பின்வாங்கினால் என்ன செய்வது என்று இரண்டு நாள் இந்தக் கடிதத்தை எழுதாமல் வைத்திருந்தேன். பின்வாங்கினால் வாங்கட்டும் சாமி. உன் அம்மாவிடம் நான் வாங்கிய சத்தியம்தான் எங்கள் எல்லோரையும் இங்கே கொண்டு வந்து நிறுத்தியது. அந்தப் பெண்ணிடம் நீ அப்படி ஒன்றும் வாங்காதே. உனக்கு எது தெரியவில்லையோ அதை அவள் பார்த்துச் சொல்லட்டும், அவள் சொன்னால் எரிந்து விழாதே.

வரவேற்புக்கு லைட் போட நல்ல கண் உள்ள ஆளாகப் பார்த்து வை. நான் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன்.

கடிதம் கிடைத்ததும் உடனே போன் செய்யாதே. கோபம் இருக்கும், இருக்கட்டும். முதலில் டாக்டரைப் பார். பார்த்துவிட்டு வந்து கூப்பிடு. அவர் என்ன சொன்னாலும் அப்படியே சொல். எனக்காக "நல்லாயிருக்கு" என்று மட்டும் சொல்லிவிடாதே. அந்தப் பொய்யை நம் வீட்டில் நான் ஒருவனே சொல்லித் தீர்த்துவிட்டேன். எப்போது கூப்பிட்டாலும் எடுப்பேன், போன் பக்கத்திலேயேதான் இருப்பேன்.

அப்பா